காசு வந்த வழியும் பாடம் வந்த வழியும்

(புதுக்கோட்டையில் நடைபெறும் பாடநூல் வரலாற்றுக் கருத்தரங்கின் தலைமை உரை)

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களே, பேராசிரியப் பெருமக்களே, விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை, பொன்னமராவதிப் பக்கங்களிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் பள்ளி ஆசிரியர்களே, மாணவர்களே!

பிறநாட்டார் கொடுக்கும் பணமும் பிள்ளைகள் படிக்கும் பாடமும் என்பது இக்கருத்தரங்கின் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர், இது பாலஸ்தீனத்துப் பிரச்சினையாயிற்றே, புதுக்கோட்டையில் இதற்கென்ன வேலை என்று கேட்டார்கள். அங்கே ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தருகிறது. பாடநூலில் வெறுப்பு இருக்கிறது, வன்முறைக்குப் புகழ்ச்சி இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டதில் 2021ஆம் ஆண்டுக்குரிய உதவித் தொகை 2022 ஜூன் வரை நின்றுபோனது. நண்பர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தமிழ்ப் பிள்ளைகளும் இதே கதைக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கிறார்கள். அதை நாம் சரியாகப் படிக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறேன். 1816இல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையில் வந்திறங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி. பணமெல்லாம் பாஸ்டனில் இருந்த அமெரிக்க போர்டு என்ற மிஷன் சங்கத்தின் வழியாக, அந்நாட்டுச் சபை மக்கள் போட்ட காணிக்கையிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட நன்கொடையாளர் பெயரை அந்தப் பிள்ளைக்கே சூட்டும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த முன்பெயர்கள் அந்தக் காலத்தின் தடங்கள். ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்த அறிஞரை நாம் இன்னும் அப்படித்தான் அழைக்கிறோம். பெற்றோர் வைத்த பெயருக்கு முன்னால் பணம் கொடுத்தவர் பெயர் நிற்கிறது.

1837இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. அங்கே கடை மூடியதும் இங்கே பள்ளி மூடியது. யாழ்ப்பாணக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் எதுவும் இல்லை. அடுத்து 1855இல் அமெரிக்க போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்தார். செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது போர்டின் குறை. கீழைநாடுகளில் அதற்கு நிகரில்லை என்று சொல்லும்படி பெயரெடுத்திருந்த செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது. என்ன படிக்கலாம், எந்த மொழியில் படிக்கலாம் என்பதைக் கடல் கடந்த ஒரு குழு முடிவு செய்தது. வட்டுக்கோட்டைப் பெற்றோரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பணம் செய்த நன்மையை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் தம் மாணவர்களோடு உட்கார்ந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதினார். ‘அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ எல்லாம் அந்த உழைப்பில் வந்தவை. தமிழில் மருத்துவம் படிக்க முடியுமா என்று இன்றைக்கும் நாம் தயங்குகிறோம். 1860களிலேயே மானிப்பாயில் அதை நடத்திக் காட்டினார்கள்.

இந்தச் சூழலில்தான் ஆறுமுக நாவலரைப் பார்க்க வேண்டும். பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணை நின்றவர் அவர். பாடநூலின் பலத்தை உள்ளிருந்து கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுப் பொறி வாங்கச் சென்னைக்குப் போனார். பாலபாடங்களை எழுதினார். மிஷன் நூல்களின் படிமுறை அமைப்பையும் தெளிந்த உரைநடையையும் எடுத்துக்கொண்டு, உள்ளே சைவத்தை வைத்தார். ஊரார் கொடையில் பள்ளி நடந்தது. அரசு மானியம் 1870இல்தான் வந்தது. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி வைத்தார். பிறர் காசில் பிறர் பாடம் என்ற நிலைக்கு ஒரு தமிழர் கொடுத்த முதல் பெரிய பதில் இது. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

அந்த வணக்கத்தோடு ஒரு கேள்வியையும் வைக்கிறேன். நாவலரின் பாடங்கள் சாதி வரம்பை ஏற்றுக்கொண்டவை. நம் காசு, நம் கை, நம் பாடம் என்று ஆனபின்பும் பள்ளித் திண்ணைக்குக் கீழே மண்ணில் உட்கார்த்தப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 1930ஐ ஒட்டி, மானியம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று இலங்கைக் கல்வித் துறை ஆணையிட்டது. சம ஆசனம் கேட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் பதிலாகக் கிடைத்தது பள்ளிக்குத் தீ. ஆணையைத் திரும்பப் பெறு என்று மனுவும் போனது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. பணத்தோடு வந்த அந்த நிபந்தனையை அந்நிய ஆட்சியின் தலையீடு என்று தள்ள முடியுமா? மண்ணில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கேட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நிபந்தனை என்றாலே தீது என்று நான் சொல்ல வரவில்லை. யார் உள்ளே வரலாம், எங்கே உட்காரலாம், கொடுத்த காசு எங்கே போனது என்று பணம் தருபவர் கேட்கட்டும், கேட்க வேண்டும். பிள்ளை எதை நம்ப வேண்டும், தன் ஊரை எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்று பக்கத்துக்குள் கை வைக்கும்போதுதான் அவர் எல்லை மீறுகிறார்.

சென்னை மாகாணத்தில் அந்த எல்லை மீறப்பட்ட கதையும் உண்டு. தமிழ் அச்சு நூல்களுக்கு 1865இல் பட்டியல் தந்த ஜான் மர்டாக்கை இந்த அவையில் பலருக்குத் தெரியும். அந்தப் பட்டியல் இல்லாமல் நம் ஆய்வு இல்லை. அவரே, 1858இல் இங்கிலாந்தில் கொடை திரட்டி அமைக்கப்பட்ட கிறிஸ்தவ தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் முகவர். அந்தச் சங்கமும் பள்ளி நூல்களை அச்சிட்டு விற்றது. அரசுப் பள்ளி நூல்களில் இந்து சமயக் கருத்துகளும் ஒழுக்கக்கேடும் இருக்கின்றன என்று 1872இல் அவர் வைசிராய்க்கு எழுதினார். 1873இல் மாகாணந்தோறும் பாடநூல்களை ஆராயக் குழு அமைக்க ஆணை வந்தது. நூல் விற்பவரே மற்ற நூல்களைக் குற்றம் சாட்டிய இந்த நிகழ்ச்சியை இங்குள்ள இளம் ஆய்வாளர் ஒருவராவது முழுமையாக எழுத வேண்டும்.

கேரளத்தில் 1990களில் வேறொரு விதமாக நடந்தது. உலக வங்கிக் கடனில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. புதிய பாடநூல்களை எழுதியவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள். இருந்தும் அது உலக வங்கிச் சதி என்றே பேச்சு ஓடியது. புத்தகம் நன்றாக இருக்கிறதா, பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிகிறதா என்ற விவாதம் அந்தக் கூச்சலில் அமுங்கியது.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இங்கே சிலர் முகத்தைப் பார்த்தாலே 1991 நினைவுக்கு வருகிறது. அறிவொளி எழுத்தறிவு இயக்கம்! மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத் தோழர்கள், ஊர் ஊராகத் தொண்டர்கள். பணம் தேசிய எழுத்தறிவு இயக்கத்திலிருந்து, அதாவது தில்லியிலிருந்து வந்தது. பெண் தொண்டர்களுக்கு மொபெட் கொடுத்தது யுனிசெஃப். ஆனால் பெண்களைச் சைக்கிள் ஓட்ட அழைத்த முத்து பாஸ்கரனின் பாட்டு இங்கே பிறந்தது. கல்குவாரிப் பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்ததும் இங்கே. எதைப் பேசுவது, எந்தப் பாட்டைப் பாடுவது என்பதைத் தெருவிளக்கின் கீழே கூடியவர்களே முடிவு செய்தார்கள். இதழாளர் பி. சாய்நாத் எழுதிய, இம்மாவட்டப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை பின்னர் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் ஏறியது. வெளியிலிருந்து காசு வாங்கிய ஊர், வெளியூருக்குப் பாடம் கொடுத்தது.

இப்போது பாலஸ்தீனம். 2000 வரை மேற்குக் கரைப் பிள்ளைகள் ஜோர்டான் நூலையும் காசாப் பிள்ளைகள் எகிப்து நூலையும் படித்தார்கள். சொந்தப் பாடநூல் என்பது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதை, நாவலரைப் படித்த நாம் உணர முடியும். ஜெர்மனியின் ஜார்ஜ் எக்கர்ட் நிறுவனம் அந்நூல்களை ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்தது. மனித உரிமையைப் பேசும் பாடங்களும் உண்டு, யூத வெறுப்புக் கொண்ட பகுதிகளும் உண்டு, வன்முறையைப் போற்றும் இடங்களும் உண்டு என்று அது கூறியது. யூத வெறுப்பைக் கற்பிக்கும் வரி எந்த நாட்டுப் பாடநூலிலும் இருக்கக் கூடாது. அதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். இஸ்ரேலியப் பாடநூல்கள் பாலஸ்தீனரை எப்படிக் காட்டுகின்றன என்று நூரித் பெலெத்-எல்ஹனான் எழுதியதையும் அதே நேர்மையோடு படிக்க வேண்டும்.

ஆனால் பணம் நின்ற அந்த மாதங்களில் அடிபட்டவர்கள் யார்? குறைந்த சம்பளத்தில் வகுப்பெடுத்த ஆசிரியர்கள். கிழக்கு ஜெருசலேம் மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காத்திருந்த புற்றுநோயாளிகள். தவறான வரியை எழுதியவர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

நமக்கும் இந்தச் சூடு தெரியும். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024–25க்கான சமக்ர சிக்ஷா நிதி தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டது. 2,291 கோடி ரூபாய் கேட்டு மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே ஐரோப்பா, இங்கே நம் ஒன்றிய அரசு. கொடுப்பவர் வேறு, நம் வரிப்பணம் என்பதால் நம் உரிமையும் வேறு. அடிபடுபவர் மட்டும் ஒரே ஆள்தான். இந்த நிதியை நம்பிச் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரை இந்த அவையிலேயே பார்க்கிறேன். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பாடத்தைத் திருத்த வேறு வழி உண்டு. எக்கர்ட் நிறுவனத்தின் முன்னோடிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு ஆசிரியர்களையும் ஜெர்மன் ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். பல பத்தாண்டுகள் பேசி, 2006இல் இரு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வந்தது. இலங்கையில் ரெஜி சிறிவர்த்தன, கா. இந்திரபாலா முதலியோர் சிங்கள நூல்களையும் தமிழ் நூல்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். 1983 இனக் கலவரத்துக்குப் பின் அந்த மேசையில் உட்கார ஆளில்லாமல் போனது என் நெஞ்சை இன்றும் அறுக்கிறது.

இந்த இரண்டு நாளில் கட்டுரையாளர்களிடம் நான் கேட்பது இவைதான். பாடநூலை மட்டும் பேசாதீர்கள். அச்சுக்கூலி யார் கொடுத்தார், குழுவில் யார் இருந்தார், யார் இல்லை என்பதையும் எழுதுங்கள். நம் ஊர் ஞானாலயா நூலகத்தில் அரிய முதற்பதிப்புகள் இருக்கின்றன. வெளியூர் ஆய்வாளர்கள் திரும்பும் முன் அங்கே ஒரு நாள் செலவிடுங்கள். அறிவொளிப் பாட நூல்கள், துண்டுப் பிரசுரங்கள், தொண்டர்களின் நாட்குறிப்புகள் இந்த மாவட்டத்து வீடுகளில் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போகுமுன் அவற்றைத் திரட்ட ஆசிரியர்கள் ஒரு குழுவாக முன்வர வேண்டும். மதிய உணவு இடைவேளையில் பெயர் கொடுங்கள். முதல் அமர்வைத் தொடங்க இசைவளிக்கிறேன்.