பெண்மக்களின் பங்கு

(யானைக்கவுனியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதர்க்கெதிரான வேற்றுமைகளை ஒழிக்க ஐக்கிய நாடுகள் சபை 1979-இல் உடன்படிக்கை வகுத்தது. 1993-இல் இந்தியாவும் அதனை உறுதி செய்தது. உலகம் ஒப்பிய உரிமை நம் இல்லங்களில் நுழைந்ததா என்பதே எம் வினா.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டுச் சட்டம் அன்று மணமாகாதிருந்த பெண்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடொப்பப் பங்காளிகளாக்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மணமான பெண்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. அது பிறப்பாலேயே வருவதென உச்சநீதிமன்றம் 2020-இல் தெளிவுறுத்தியது.

நிற்க. சட்டம் ஈந்ததை நாம் விடுதலைப் பத்திரத்தால் பறித்துக்கொள்ளுகின்றோம். மறைப்பானேன்? எம் தங்கையிடம் யாமும் அவ்வாறே கையொப்பம் பெற்றோம். அவள் ஒன்றும் பேசாது இட்டாள். அம்மௌனத்தை இசைவென்று கொண்டது எம் பிழை.

"சீர் செய்தோமே" என்பர் சிலர். சீர் நாம் விரும்பித் தருவது. பங்கு அவளுக்கு உரியது. அன்பளிப்பைக் காட்டிக் கடனை மறுத்தல் வணிகர் வாழும் இவ்வூரார்க்கு அழகாமோ?

புக்ககத்தில் அடியுண்டும் பல பெண்கள் அங்கேயே கிடத்தல் ஏன்? திரும்பி வர இடமில்லையென்று அஞ்சியன்றோ! பிறந்தகத்துப் பங்கு பெண்ணுக்குக் காவலுமாம்.

ஆதலின் அன்பர்களே, பாகம் பேசும்போது பெண்மக்களையும் உடன் அமர்த்துங்கள். அவர் பங்கு இன்னதென முதலிற் கூறுங்கள். கூறாது கையொப்பம் கேளாதிருப்போமென இச்சங்கம் இன்றே தீர்மானிக்குமாக. யாம் எம் தங்கைக்குரியதை எழுதித்தர இசைந்துவிட்டோம்.