பொருள் தெரியும், பெயர்தான் தெரியாது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முப்பது ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். "ஹைஸ்கூல் படிக்கிற பையனுக்கு இங்கிலீஷ் வார்த்தையே வரமாட்டேங்குது, என்ன சார் பண்றது?" என்று பெற்றோர் கேட்காத நாள் கிடையாது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வாத்தியாருக்குப் பத்து நிமிடம் அட்டெண்டன்ஸ் எடுக்கவே சரியாப் போயிடும்! இருந்தாலும் முயல்கிறேன்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, வீழ்படிவு என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது என்று தெளிவாகச் சொல்லும். அதே பிள்ளை கல்லூரி லேபில் 'பிரெசிபிடேட்' என்று கேட்டதும் திகைத்து நிற்கும். அறிவா குறைந்துவிட்டது? இல்லை. பொருள் தெரியும், பெயர்தான் தெரியாது. இந்த வித்தியாசம் புரியாமல், 'நமக்குப் படிப்பு ஏறாது' என்று முதல் வருஷமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இது மார்க் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி வருவாரா, மாட்டாரா என்கிற விஷயம்.

எத்தனை சொல் வேண்டும்? டிக்ஷனரியின் கனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஏறக்குறைய 2,000 சொற்கள்தான். சாதாரண ஆங்கில உரைநடையில் நூற்றுக்கு எண்பது பங்கு அதற்குள் அடங்கிவிடும். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார், உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை 2000-ல் தொகுத்துத் தந்தார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாளுக்கு இரண்டு சொல் படித்தால் நான்கு வருஷத்தில் 2,900-க்கு மேல் வந்துவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள்.

எப்படிப் படிப்பது? நான்கு வழி சொல்கிறேன்.

முதலில், கையிருப்பை எண்ணுங்கள். பஸ், டிக்கெட், லீவு, கரண்ட் என்று எத்தனையோ சொல் நம் வாயிலேயே இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உஷார்! நாம் சாப்பிடப் போகிற இடத்தை ஹோட்டல் என்கிறோம்; ஆங்கிலத்தில் அது தங்குகிற இடம்.

இரண்டாவது, குடும்பமாகப் படியுங்கள். தமிழில் 'நட' தெரிந்தவருக்கு நடை, நடத்தை, நடவடிக்கை எல்லாம் புரிகிறதல்லவா? அதுபோல 'போர்ட்' என்ற லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். ரயில்வே போர்ட்டர் சுமக்கிறார். இம்போர்ட் உள்ளே கொண்டு வருவது. எக்ஸ்போர்ட் வெளியே கொண்டு போவது. டிரான்ஸ்போர்ட் ஓரிடத்திலிருந்து வேறிடம் சேர்ப்பது. ஒரு வேரைப் பிடித்தால் நாலு சொல் கூடவே வரும்.

மூன்றாவது, சொல்லை அதன் துணையோடு படியுங்கள். டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்கிறோம். பலத்த மழைக்கு ஸ்ட்ராங் வராது, 'ஹெவி ரெயின்' என்றுதான் சொல்ல வேண்டும். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைத் தனிச்சொல்லுக்கு எதிரே எழுதிய அர்த்தம் காட்டாது. அதனால் நோட்டில் அர்த்தத்தோடு சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதுங்கள்.

நான்காவது, மறதிக்கு இடம் விட்டுப் படியுங்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது என்று ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். ஒரே ராத்திரியில் நூறு சொல் உருப்போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். மறுநாள் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை, மாதம் கழித்து ஒரு தடவை நோட்டைப் புரட்டுங்கள். அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள்.

பழைய மாணவ நண்பர்களே! நமக்குள் டாக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார், விவசாயி இருக்கிறார். ஆளுக்கு நூறு சொல், தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம், நடுவில் ஒரு வாக்கியம் என்று அவரவர் துறையிலிருந்து எழுதிக் கொடுங்கள். சங்கம் அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டுச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குத் தரட்டும். மாணவர்களே, நீங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தம்பி தங்கைகளோடு உட்காருங்கள். தமிழில் யோசிப்பது குறையல்ல, அதுதான் நம் மூலதனம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நூறு சொற்களை நான் எழுதிக் கொண்டே வந்திருக்கிறேன். செயலாளரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். அடுத்தது யார்?