ஆறு கேள்விகளும் நாம் செய்த தவறும்
(கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்துடன் ஒரு தாளை இணைத்திருந்தோம். ஆறே கேள்விகள். எதற்கு என்று கேட்காமலே பிள்ளைகள் நிரப்பித் தந்தார்கள். அதைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கஷ்டம் வந்தால் மனம் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதை அறிய, புரூஸ் ஸ்மித் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோல் அது. கல்லூரி மாணவர்களிடமும் இதய நோயாளிகளிடமும் சோதித்துப் பார்த்தே வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்று கேள்விகள் நேராகவும் மூன்று தலைகீழாகவும் இருக்கும். படிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடித்தால் இதில் தெரிந்துவிடும். தலைகீழ்க் கேள்விகளின் மதிப்பைத் திருப்பிப் போட்டு, கூட்டி, 6-ஆல் வகுக்க வேண்டும். 2003-இல் வந்த கானர்-டேவிட்சன் அளவுகோல் இன்னும் பெரியது. 25 கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண்.

அளவுகோலில் குறையில்லை. பணம் கேட்கும் விண்ணப்பத்தோடு அதை வைத்தோமே, அதுதான் பிழை. மதிப்பெண் குறைந்தால் உதவி கிடைக்காதோ என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றத்தானே செய்யும்? ஏறக்குறைய எல்லோருமே 4-க்கு மேல். நாமும் மகிழ்ந்துபோனோம்.

அதில் 5-ஐத் தொட்ட ஒரு மாணவி, இரண்டே மாதத்தில் விடுதியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லையாம். போய்ப் பார்த்தபோது அவருடைய தாயார், "எங்ககிட்டயும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னா" என்றார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது மீண்டும் படிக்கிறார்.

இந்த ஆண்டு விண்ணப்பத்தில் அந்தத் தாள் இல்லை. விரும்பும் மாணவர்கள் தனியாக வாங்கி, பெயர் எழுதாமல் பெட்டியில் போடலாம். முதல் பருவத்தில் ஒன்று, தேர்வுக்கு முன் ஒன்று. மொத்தத்தில் மனத்திடம் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்ப்போம். அது நோயைக் கண்டறியும் பரிசோதனையும் அல்ல. யாருக்கு உதவி தேவை என்பதைப் பெயரில்லாத தாள் காட்டாது. ஆகவே மாதம் ஒருமுறை நாமே பேசுவோம். மாணவிகளிடம் நம் சகோதரிகள் பேசுவார்கள். அவசரமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு.

பிள்ளையின் தொலைபேசி எண்ணை வாசலில் உள்ள மேசையில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.