ஸ்டோரை உடைக்கப் போகுமுன்
(லிந்துலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூடிக்கிடக்கும் நம் தோட்டத்து ஸ்டோரை உடைக்க, கொந்தராத்துக்காரர் லயம் லயமாக ஆள் தேடுகிறார். போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எப்படிப் போவது என்று பேசுவோம்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28இல், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பலரும் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற கட்டடத்தை 2016 நவம்பர் 2இல் வெடிவைத்து வீழ்த்தினார்கள். அக்கம்பக்கத்தாரை முதலில் அப்புறப்படுத்தியதால் ஓர் உயிரும் போகவில்லை. இங்கேயும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக்கூடக் கிட்டப் போகக் கூடாது.

ஸ்டோருக்கு வெடி தேவையில்லை, ஒழுங்கு தேவை. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு கூரை, மேல்தளம், கடைசியாகத் தூண். இரும்புக்கு ஆசைப்பட்டுத் தூணை முதலில் அறுத்தால் மேலே உள்ளதெல்லாம் நம் தலையில் விழும்.

பழைய அஸ்பெஸ்டாஸ் சீட் ஆளைத் தாங்காது. அதன்மேல் நடக்கக் கூடாது. அடித்து நொறுக்கவும் கூடாது. நனைத்து முழுசாக இறக்க வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் 20, 30 வருடம் கழித்தும் நோய் வரும். முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது.

காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெயர் பதியாமல் ஏறியவர் விழுந்தால், அங்கே வேலை செய்தார் என்பதையே நாம் நிரூபிக்க வேண்டிவரும். ஆகவே பெயர்ப்பட்டியல் தோட்டத் தலைவர் கைக்கு வரும்வரை நம்மில் ஒருவரும் ஏணியில் கால் வைக்க மாட்டோம்.