எடை குறைந்த பிறகு



உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். "எனக்கு மாதவிலக்கே ஒழுங்காக வராது. பிள்ளை எங்கே உண்டாகப் போகிறது?" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். எடை குறைந்தால் மாதவிலக்கு சீராகும். கருவும் தங்கிவிடும். ஆனால் அப்போது உடம்பில் சத்து குறைவாக இருக்கும். அதனால்தான் ஒன்று, ஒன்றரை ஆண்டு பொறுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

மாத்திரை போதாதா? குடலை மாற்றி இணைத்திருந்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். வாந்தி, பேதி வந்தாலும் அப்படித்தான். காப்பர்-டி கருப்பைக்குள் இருந்து வேலை செய்கிறது. இரைப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம். இரத்தசோகை இருந்தால் முன்பே சொல்லுங்கள். பிள்ளை வேண்டும் என்றபோது எடுத்துவிடலாம்.

போகும்போது அறுவை சிகிச்சைச் சீட்டை எடுத்துப் போங்கள். எந்த வகை அறுவை என்று அதில் எழுதியிருக்கும்.