வாசகர் கையிலுள்ள பட்டியல்

பத்திராதிபர் ஒருவரின் இசைவை எதிர்பாராது எவரும் எழுதலாம் என்னும் நிலையை இணையம் உண்டாக்கிற்று. ஆசிரியரும் மருத்துவரும் கமக்காரரும் தத்தம் பெயரில் வலைப்பதிவு அமைத்து, தாம் அறிந்தவற்றை எழுதலாயினர். ஆயினும் வாசகருக்கு ஓர் இடர் இருந்தது. இவ்வாறு எழுதுவோர் நாள் தவறாது எழுதுவோர் அல்லர். ஒருவர் கிழமைக்கு ஒருமுறை எழுதுவார். மற்றொருவர் ஆறு மாதம் வாளாவிருந்து, பின் அரியதொரு கட்டுரை தருவார். ஐம்பது பேரின் வாயில்களை நாள்தோறும் தட்டிப் பார்த்தல் யாருக்கு இயலும்?

இவ்விடரைத் தீர்ப்பது செய்தியோடை. 1999 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த டான் லிபி, ராமநாதன் குகா என்போர் ஆர்.எஸ்.எஸ். எனப் பெயர் பெற்ற முறையை வகுத்தனர். அதன் இயல்பு மிக எளியது. வலைப்பதிவோடு கூடவே ஒரு கோப்பு இருக்கும். புதிய கட்டுரைகளின் தலைப்பு, திகதி, முகவரி ஆகியன அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஓடைவாசிப்பான் என்னும் மென்பொருள், வாசகர் குறித்துக் கொடுத்த கோப்புகளை இடையிடையே பார்த்து, புதியன கண்டால் ஓரிடத்திற் கொண்டுவந்து சேர்க்கும். எழுதியவருக்கு வாசகர் தம் பெயரையோ முகவரியையோ கொடுக்க வேண்டியதில்லை.

தமிழிலும் இதன் பயன் உணரப்பட்டது. 2004 இல் தொடங்கிய தமிழ்மணம், இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்து எழுதியோரின் பதிவுகளை ஒரே முற்றத்திற் கூட்டியது. திரட்டி என்னும் சொல்லும் இத்துறையில் நிலைபெற்றது.

2005 இல் வெளிவந்த கூகிள் றீடர் பலருக்கு வாசிப்பு மேசையாக விளங்கியது. பயன்படுத்துவோர் குறைந்தனர் எனக் கூறி, 2013 யூலை 1 ஆம் திகதி அந்நிறுவனம் அதனை மூடியது. பலர் அன்றோடு அப்பழக்கத்தையே விட்டனர். ஆனால் மூடப்பட்டது மேசை மட்டுமே. வலைப்பதிவுகளும் ஓடைகளும் அழியவில்லை. தம் பட்டியலை ஒரு கோப்பாகப் பெயர்த்தெடுத்தோர், வேறொரு வாசிப்பானில் அதனை இட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமை இல்லாத பொதுமுறையின் வலிமை இதுவே.

சமூக வலைத்தளங்களில் எது முன்னே வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணிப்பே தீர்மானிக்கின்றது. வாசகரை நெடுநேரம் பிடித்து வைப்பது முன்னிற்கும். அமைதியான எழுத்துப் பின்தள்ளப்படும். ஓடையிலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுபவரின் கட்டுரையும் தவறாது வந்து சேரும். தமக்கு உவந்ததையே தெரிந்தெடுப்போரின் பார்வை குறுகாதோ எனச் சிலர் வினவுவர். அது நேரிய வினாவே. மாறுபட்ட கருத்துடையார் இருவரையேனும் பட்டியலிற் சேர்த்துக்கொள்வதே அதற்கு விடை.

பட்டியலின் பிரதியொன்றைத் தம்மிடமே பேணிவைத்தலும் அறிவுடைமை. மேசைகள் மாறலாம், எவருடைய எழுத்தைப் படிப்பது என்னும் தெரிவு வாசகர் கையை விட்டு அகலலாகாது.