ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க... ஒருத்தரைத் தவிர

"சனிக்கிழமை காலைல உன்னைப் பிடிக்கவே முடியலையே, எங்கடா போற?"ன்னு போன வாரம் ஒரு நண்பன் கேட்டான். நூலகத்துக்குப் போறேன். புத்தகம் எடுக்க இல்லை, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

எங்க ஏரியா கிளை நூலகத்துல நாலு கம்ப்யூட்டர் இருக்கு. ஒருநாள் நூலகர் மேடம், "நீங்க ஐடிதானே? சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் வந்து நாலு பேருக்குச் சொல்லிக்கொடுங்களேன்" என்றார். சரின்னுட்டேன்.

முதல் நாள் பதினோரு பேர் வந்திருந்தாங்க. நான் 22 ஸ்லைடு தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். சிபியு என்றால் என்ன, ஹார்டுவேர் என்றால் என்ன... மூணாவது ஸ்லைடுலயே ஒரு அக்கா கையைத் தூக்கினாங்க.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. போட்டோவை 50 கேபிக்குள்ள எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்லுவீங்களா?"

லேப்டாப்பை மூடிட்டேன்.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துல போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள்ள இருக்கணும். போன்ல எடுத்த படம் சாதாரணமா மூணு, நாலு எம்பி வரும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு கேபி, எம்பி எல்லாம் தண்ணிபட்ட பாடு. ஆனா இந்த ஒரு விஷயத்துக்காக ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் ப்ரௌசிங் சென்டர்ல காசு கொடுத்து வரிசைல நிக்கிறாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை. அன்னைக்குப் பெயிண்ட்ல படத்தைத் திறந்து ரீசைஸ் பண்றதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆதார், மார்க் ஷீட் மாதிரி ஆவணங்களை முன்பின் தெரியாத 'ஃப்ரீ கன்வெர்ட்டர்' தளங்கள்ல ஏத்தாதீங்கன்னும் சொன்னேன்.

அடுத்த வாரத்துல இருந்து சிலபஸ் கிடையாது. அவங்க என்ன கேட்கிறாங்களோ அதுதான் பாடம். ரிட்டயர்டான ஒரு ஐயாவுக்கு டபுள் கிளிக்கே வரலை. புரியாம இல்லை, கை நடுங்குது. முதல் கிளிக்குக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல மவுஸ் நகர்ந்துடுது. ஒரு தடவை கிளிக் பண்ணிட்டு எண்டர் தட்டினா போதும்னு காட்டினேன். "இதை யாரும் இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே!"ன்னு சிரிச்சார்.

இப்ப அந்த 50 கேபி அக்கா கதைக்கு வர்றேன். மூணாவது வாரம் பாஸ்வேர்டு பத்திப் பேசிட்டிருந்தோம். "உங்க பாஸ்வேர்டும் ஓடிபியும் உங்களுக்கு மட்டும்தான் தெரியணும். யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்கு கூப்பிடுங்க"ன்னு பெரிய லெக்சர் கொடுத்தேன். அக்கா மெதுவா, "என் பாஸ்வேர்டு எனக்கே தெரியாதே தம்பி"ன்னாங்க.

விசாரிச்சா, அவங்க ஈமெயிலைத் தொடங்கினது ப்ரௌசிங் சென்டர் அண்ணன். பாஸ்வேர்டு அவர் கடையில இருக்கிற லாங் சைஸ் நோட்டுல இருக்கு. ரெக்கவரி நம்பரும் அவரோடதுதான். போன வருஷம் ஒரு வேலைக்குச் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்லி மெயில் வந்திருக்கு. அவர் பார்த்துச் சொல்றதுக்குள்ள கடைசித் தேதி முடிஞ்சிடுச்சு. ரெண்டு வருஷம் ராத்திரி உட்கார்ந்து படிச்ச படிப்பு அது. அதை அக்கா அழுதுகிட்டே சொல்லலை, பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி சாதாரணமாச் சொன்னாங்க. எனக்குத்தான் என்ன பேசுறதுன்னு தெரியலை.

அந்த அண்ணனை வில்லன் ஆக்கிடாதீங்க. பாஸ்வேர்டு மறந்துட்டு வந்து நிக்கிறவங்களுக்காகத்தான் அவர் அந்த நோட்டையே வச்சிருந்தார்.

அங்கிருந்தே அவருக்கு போன் போட்டோம். நோட்டைப் புரட்டி பாஸ்வேர்டைச் சொன்னார். லாகின் பண்ணினா அவர் நம்பருக்கு ஒரு கோடு போகுது. ஸ்பீக்கர்ல ஆறு எண்ணையும் சத்தமா வாசிச்சார். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு நான் சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகலை! மொத்த கிளாஸும் என்னைப் பார்த்துச் சிரிச்சது.

உள்ளே போனதும் ரெக்கவரி நம்பரை மாத்தினோம், பிறகு பாஸ்வேர்டை. அக்கா டைப் பண்ணும்போது நான் திரும்பி நின்னுக்கிட்டேன். ரெண்டு கட்டத்துலயும் ஒரே மாதிரி வரணும்ல? மூணு தடவை வரலை. நாலாவது தடவை, "ஆங், வந்துடுச்சு!" அந்தப் பாஸ்வேர்டு இப்ப அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த வருஷமும் எழுதியிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரலை. வேலை கிடைக்குமா தெரியாது. ஆனா மெயில் வந்தா முதல்ல பார்க்கப்போறது அவங்கதான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பா போனைப் பார்த்தேன். ஈமெயில் நான் தொடங்கினது. பாஸ்வேர்டு என் பிறந்த தேதி. ரெக்கவரி நம்பர் என்னோடது. எங்க வீட்டு ப்ரௌசிங் சென்டர் அண்ணன் நான்தான்! "குடுப்பா, நானே பண்ணித் தர்றேன்"னு போனை வாங்குறப்பல்லாம் உதவி பண்றதாத்தான் நினைச்சுட்டிருந்தேன். உங்கள்லயும் பலர் வீட்டுல அதே நிலைமைதான்னு நினைக்கிறேன். அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாத்தையும் மாத்தினோம். நடுவுல ரெண்டு சண்டை வேற.

இன்னொரு விஷயம். நம்ம வகுப்பை 'இலவசம்'னு சொல்றோம். தமிழ்நாட்டுல 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. நாம கட்டுற சொத்து வரியோட 10 சதவீதம் நூலக வரியும் போகுது. வாடகை வீட்டுல இருந்தாலும் அதுல ஒரு பங்கு நம்ம வாடகைக்குள்ளயே இருக்கும். அதனால அந்த நாற்காலியும் கம்ப்யூட்டரும் நம்ம காசுதான். தயங்காம உள்ளே போங்க.

சொல்லிக்கொடுக்க ஆசையிருந்தா மூணு விஷயம். ஒண்ணு, முதல்ல நூலகரைப் பாருங்க. யாருக்கு என்ன தேவைன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு, மவுஸை நீங்க பிடுங்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் அவங்க கையிலயே இருக்கட்டும். மூணு, கிளாஸ் முடிஞ்சதும் லாக் அவுட் பண்ண வைங்க, டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வைங்க. முதல் நாள் எங்க நூலகக் கம்ப்யூட்டர்ல யார் யாரோட ஆதாரோ வரிசையா கிடந்துச்சு.

போன சனிக்கிழமை எனக்கு டிராஃபிக்ல இருபது நிமிஷம் லேட். உள்ளே போனா, புதுசா வந்த ஒரு பொண்ணுக்கு அந்த அக்கா போட்டோ ரீசைஸ் சொல்லிக்கொடுத்துட்டிருக்காங்க. நான் பின்னாடி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், அப்பா அம்மா பாஸ்வேர்டை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.